செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், வாணி விழா ஆகியன வழமைபோல் நடந்தேறின. மூத்தோர் சுற்றுலா மழையினால் கைவிடப்பட்டது.

இவ்வாண்டு புதிதாகத் தொடங்கப்பட்டது, 6ஆம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான சனிக்கிழமை வரலாற்று வகுப்பாகும். ஒன்ராறியோவில் 2023 செப்டெம்பர் முதல் 6ஆம் வகுப்பில் யூத இனவழிப்பு கட்டாயப் பாடமாக உள்ளது. பிள்ளைகள் அதுபற்றி வீட்டில் கேட்கும்போது, ஹிட்லர் கொடியவன் என்பதற்கு மேல் பெற்றோர் பலரால் விளக்க முடிவதில்லை என்பதனாலேயே இவ்வகுப்பை முன்மொழிந்தேன். நம் துயரமே ஆறாதிருக்கப் பிறர் துயரம் எதற்கு என்ற ஆட்சேபம் கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. மே மாதத்தில் வரும் தமிழின அழிப்புக் கல்வி வாரத்துக்கான சட்டத்தை ஒன்ராறியோ சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது. அந்த வாரத்தில் மற்றவர்கள் நமக்குச் செவிசாய்க்க வேண்டுமென எதிர்பார்க்கும் நாம், அவர்களுடைய வரலாற்றைக் கேட்க மறுப்பது முறையன்று என்பதே என் பதில்.

வகுப்பில் பிணக்குவியல்களின் படங்கள் காட்டப்படவில்லை. யூதரை அரச பணியிலிருந்து நீக்கிய 1933ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டு நியூரம்பேர்க் சட்டங்கள், 1938இல் யூதர் என்று காட்டக் கடவுச்சீட்டில் குத்தப்பட்ட 'ஜே' முத்திரை, 1941இல் அணிவிக்கப்பட்ட மஞ்சள் நட்சத்திரம் என ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் படியில் எழுத்தரோ ஆசிரியரோ அயலவரோ எதை மறுத்திருக்கலாம் என்று மாணவர்களே விவாதித்தனர். அறுபது இலட்சம் பேரின் கொலைக்கு முன்னர் இத்தனை காகிதங்கள் கைமாறியிருந்தன. ருவாண்டாவில் பெல்ஜிய ஆட்சி இனம் குறித்து வழங்கிய அடையாள அட்டை, 1994 இனவழிப்பின்போது வீதித் தடைகளில் உயிரைத் தீர்மானித்ததையும் இதே முறையில் பார்த்தோம்.

மாணவர்கள் அதிகம் பேசியது செயின்ட் லூயிஸ் கப்பலைப் பற்றியே. 1939இல் 937 பேருடன், பெரும்பாலும் யூத அகதிகளுடன், வந்த அதனைக் கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் ஏற்காததால் அது ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டனர். கனடியப் பிரதமர் 2018 நவம்பரில்தான் மன்னிப்புக் கேட்டார். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்ட 155 தமிழரையும், 2010இல் சன் சீ கப்பலில் கனடாவுக்கு வந்த 492 தமிழரையும் பற்றிப் பிள்ளைகள் தாமாகவே கேட்டனர். சன் சீயில் வந்தோர் தடுத்து வைக்கப்பட்டனர், ஆனால் கப்பல் திருப்பி அனுப்பப்படவில்லை என்ற வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியதும் ஒரு மாணவியே.

ஆட்சேபித்தவர்கள் ஒரு வகுப்புக்காவது வந்திருக்கலாம். ஆதரித்துக் கையுயர்த்தியவர்களும் வரவில்லை என்பதை நடுநிலை கருதிச் சேர்த்துக்கொள்கிறேன். தம் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே காத்திருந்த உறுப்பினர்களுள் சிலர் இரண்டாண்டுச் சந்தாவையும் நிலுவையில் வைத்துள்ளனர்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக உள்ளன; மண்டப வாடகை சற்றுக் கூடியது. விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். அவருக்கும், மண்டபம் தந்தோருக்கும், தேநீர் வழங்கிய தாய்மாருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் மாணவர்களை ரொறன்ரோ யூத இனவழிப்பு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். நிலுவைச் சந்தா வந்து சேருமாயின் பேருந்துச் செலவு அதிலேயே அடங்கும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதாயின் மனமுவந்து ஒப்படைப்பேன். இதுவரை எவரும் விண்ணப்பப் படிவம் கேட்கவில்லை.

இங்ஙனம்,
செயலாளர்