பாப்பாவின் படிப்பும் உன் பாக்கிங் மேசையும்

டோக்கியோ,
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதமும் கடலைமிட்டாயும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நாலு துண்டு கொடுத்தேன். வெல்லத்தில் இப்படி ஒரு பதம் வருமா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் நலம்.

பாப்பா பி.காம். முடித்ததும் ஜப்பானில் பிசினஸ் படிக்க வேண்டும் என்கிறாள், எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டிருந்தாய். இங்கிலீஷிலேயே படிக்க வேண்டுமென்றால் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, குளோபிஸ். யோஷிதோ ஹோரி என்பவர் 1992-ல் டோக்கியோவின் ஷிபுயாவில் ஒரு வாடகை வகுப்பறையில் தொடங்கியது, 2006-ல் எம்.பி.ஏ. பட்டம் கொடுக்கும் கல்லூரியாக வளர்ந்தது. வேலையில் இருப்பவர்கள்தான் அங்கே அதிகம் படிக்கிறார்கள். ஆகவே பாப்பா ரெண்டு மூணு வருஷம் எங்காவது வேலை பார்த்துவிட்டுப் போனால்தான் அவளுக்கு அது பயன்படும். இன்னொன்று, நகோயா பக்கத்தில் இருக்கும் நகோயா வணிகப் பல்கலைக்கழகம். நிறுவனங்களில் நடந்த சம்பவங்களை முன்வைத்து மாணவர்களையே விவாதிக்க விடுகிற வகுப்புகளுக்குப் பேர் போனது. அதை நிறுவிய யூயிச்சி குரிமோட்டோ 1930-லேயே கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்.

ஆனால் என் மனசுக்குள் இருப்பது மூன்றாவதாக ஒரு கல்லூரி. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் காகிதம் முழுக்க வேண்டியிருக்கிறது.

சான்னோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முழுப்பெயர் 'சங்யோ நோரிட்சு' பல்கலைக்கழகம். சங்யோ என்றால் தொழில். நோரிட்சு என்ற சொல்லை எல்லோரும் 'செயல்திறன்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முன்பெல்லாம் வயிற்றைக் கலக்கும். ஊரில் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலை நினைவிருக்கிறதா? ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஸ்டாப்வாட்சோடு ஒருவர் வந்து பின்னால் நிற்பார். அடுத்த வாரம் டார்கெட் ஏறியிருக்கும். கூலி அப்படியே இருக்கும். அங்கே செயல்திறன் என்றால் பிழிவது என்றுதான் எங்களுக்கு அர்த்தம்.

சான்னோவைத் தொடங்கிய யோயிச்சி உயெனோவின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கசப்பு கொஞ்சம் மாறியது. 1883-ல் பிறந்தவர். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் படித்தது உளவியல், மாப்ள! இயந்திரம் படித்தவரோ கணக்கு படித்தவரோ அல்ல. அமெரிக்காவில் தொழிற்சாலை வேலையை நேரம் வைத்து அளந்து ஆராய்ந்த டெய்லர் எழுதியவற்றையும், வேலை செய்பவரின் கை அசைவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த கில்பிரெத் தம்பதியின் ஆராய்ச்சியையும் படித்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். 1920-ல் அவருக்கு ஒரு தொழிற்சாலையின் கதவு திறந்தது. லயன் பல்பொடி செய்த இடம் அது. பல்பொடியைப் பைகளில் அடைக்கிற பிரிவில் நின்று பார்த்தார். யாருக்குக் கை எவ்வளவு தூரம் நீளுகிறது, சாமான் எந்தப் பக்கம் இருக்கிறது, எப்போது களைத்துப் போகிறார்கள் என்று கவனித்து, மேசைகளையும் வேலை வரிசையையும் மாற்றி அமைத்தார். உற்பத்தி கூடியது, வேலைநேரம் குறைந்தது. இந்த இரண்டாவதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்ச் பிடித்தவரால் ஒருநாளும் எங்கள் வேலைநேரம் குறைந்ததில்லை.

பிறகு 1922-ல் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார். மூன்று வருஷத்தில் அதைத் தாங்கிப்பிடித்த அமைப்பு கையை விரித்துவிட்டது. 1925-ல் தன் சொந்தப் பொறுப்பில் அதைத் தொடர்ந்தார். போர் உச்சத்தில் இருந்த 1942-ல் ஒரு பள்ளி, 1950-ல் இரண்டு வருஷப் படிப்புக்கு ஒரு கல்லூரி. 1957-ல் அவர் காலமானார். பல்கலைக்கழகம் 1979-ல்தான் வந்தது. நிர்வாகத்தையும் தகவல் துறையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த முதல் ஜப்பானியப் புலம் அது.

உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். முரி, முதா, முரா என்று ஜப்பானியர்கள் மூன்றை அடுக்கிச் சொல்வார்கள். முதா என்றால் விரயம். நம்மூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் அதை மட்டும் எடுத்து போர்டில் எழுதி மாட்டியிருந்தார்கள். உயெனோ மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தார். நோக்கம் சின்னது, அதற்குச் செலவிடுவது பெரிது என்றால் முதா. நோக்கம் பெரிது, அதைத் தாங்குவதற்கு இருப்பது சின்னது என்றால் முரி. ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படி என்றால் முரா. அஞ்சு கிலோ பாகு காய்ச்சுகிற சட்டியில் பத்துக் கிலோ வெல்லத்தைப் போட்டால் பதம் தப்பும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் முரி. ஒரு ஆள் தாங்குகிற அளவுக்கு மேல் வேலை ஏற்றுவதும் விரயத்தைப் போலவே ஒரு குற்றம் என்று அவர் வைத்தார். ஆளாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும் பணமாக இருந்தாலும் அததற்கு இயல்பாக உள்ள திறன் முழுதாகப் பயன்பட வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன நோரிட்சு. கசக்குவதற்கு அதில் இடமே இல்லை.

போன சனிக்கிழமை சான்னோ இருக்கிற இசெஹாரா ஊருக்குப் போயிருந்தேன். ஷின்ஜுகுவில் ஓடக்யூ ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். பின்னால் ஓயாமா மலை, 1252 மீட்டர். இலைகள் சிவந்து நிற்கிற பருவம். மலைத் தண்ணீரில் செய்கிற டோஃபு அந்த ஊரில் பிரசித்தம். கல்லூரி வாசல்வரை நடந்து போய்ச் சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தேன். டோக்கியோவுக்குள்ளேயே ஜியூகாவோகாவில் இன்னொரு வளாகம் இருக்கிறது. ஷோனான் பெல்மாரே என்ற கால்பந்து கிளப்போடு சேர்ந்து மைதானத்துக்கு ஆட்களை வரவழைப்பது எப்படி என்று மாணவர்களே யோசிக்கிறார்கள். இன்னொரு பக்கம், நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு அஞ்சல்வழிப் பயிற்சி. பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரி பாடத்தைப் பிரித்து வைத்து உட்காருகிற ஆட்களுக்காக ஒரு கல்லூரி இவ்வளவு மெனக்கெடுகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. அங்கே பாடம் ஜப்பானிய மொழியில். பாப்பாவுக்கு நிஜமாகவே ஆசை இருந்தால் இப்போதே மொழி வகுப்பில் சேர்த்துவிடு. சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடக்கிறது. அதன் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவதான என்-2 நிலையை எட்டினால் கதவுகள் திறக்கும். ரெண்டு வருஷமாவது ஆகும், அவசரப்படுத்தாதே. கட்டணத்தையும் சேர்க்கை விதிகளையும் கல்லூரிக்கே எழுதிக் கேட்கச் சொல். அவள் எழுதுகிற முதல் ஜப்பானியக் கடிதத்தை நான் திருத்தித் தருகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். போன லீவில் உன் கடலைமிட்டாய் ஷெட்டில் நின்றபோது பார்த்தேன். பாக்கிங் மேசையின் கடைசியில் நிற்கிற பெரிய அக்கா ஒவ்வொரு கவருக்கும் இடுப்பை வளைத்துத் திரும்பி, பின்னால் இருக்கிற சீலிங் மிஷினுக்குப் போய் வருகிறார். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை! சாயங்காலம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நினைவிருக்கிறது. அன்றைக்கு என்னவோ உறுத்தியது, சொல்லத் தெரியவில்லை. உயெனோ பல்பொடி மேசைக்கு முன்னால் நின்று பார்த்தது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

ஏணியில் ஏறி மேலேயிருந்து மேசையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கவர் எங்கே, மிட்டாய்த் தட்டு எங்கே, மிஷின் எங்கே என்று தெரிய வேண்டும். அதற்கு முன்னால் அந்த அக்காவையே கேள், மிஷினை எந்தப் பக்கம் வைத்தால் அவருக்குத் தோது என்று. அவர் என்ன சொன்னார் என்பதையும் அப்படியே எழுது. பொங்கல் ஆர்டர் குவிவதற்குள் மாற்றி வைத்துவிடலாம்.

அத்தைக்கும் தங்கச்சிக்கும் என் அன்பு. பாப்பாவை எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடச் சொல்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்