மண் வாரியத்துக்கு நிற்கும் முன்

அன்புள்ள சேகர்,

சின்னவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்த சேதி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

மண், நீர்ப் பாதுகாப்பு வாரியத் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நில். இப்படிப்பட்ட வாரியங்கள் நடத்தும் மண் பாதுகாப்பு மாவட்டங்களில் அமெரிக்காவிலேயே முதலாவது உங்கள் வட கரோலினாவில், ஆன்சன் கவுண்டியின் ப்ரவுன் க்ரீக்கில், 1937-இல் அமைந்தது. மண் அரிப்புக்கு எதிராக அமெரிக்காவையே உசுப்பிய ஹ்யூ பென்னட்டும் அந்தக் கவுண்டிக்காரர்தான்.

வாரியத்தில் ஐந்து பேர்: மூவர் தேர்தலில், இருவர் நியமனத்தில். நான்கு வருஷப் பதவி, கட்சி கிடையாது. வருஷத்துக்கு 6 மணி நேரப் பயிற்சி கட்டாயம். மாதக் கூட்டத்தில் போன கூட்டக் குறிப்பு, கணக்கு எல்லாம் பத்து நிமிஷ வேலை. மண், நீரைக் காக்கும் வேலைக்கு மாநிலம் ஒரு பங்கு செலவைத் தரும்படி விவசாயி கேட்கும் செலவுப் பங்கீட்டு விண்ணப்பம் மேஜைக்கு வந்ததும்தான் விஷயமே ஆரம்பம்.

மாட்டை ஓடைக்குள் இறங்கவிடாமல் வேலி போடும் விவசாயிக்குச் சராசரிச் செலவில் பொதுவாக 75 சதவீதம் மாநிலம் தரும். சராசரி என்பதை மறக்காதே, அவருடைய பில் தொகையில் அல்ல. பில் எகிறினால் மிச்சம் அவர் தலையில். ஒப்பந்தம் ஒப்புதல் ஆகுமுன் வேலை தொடங்கினால் ஒரு காசும் வராது. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான்: கான்டிராக்டர் சும்மா இருக்கிறார் என்று முந்திக்கொண்டு தோண்டிவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் வேலி எங்கே வருகிறது என்ற வரைபடத்தையும் கவனி. கரையை ஒட்டி வேலி போட்டால் முதல் வெள்ளமே கம்பியில் குப்பையைச் சேர்த்து, கம்பத்தோடு சாய்த்துவிடும். வேலி போட்டால் மாட்டுக்கு வேறு இடத்தில் தண்ணீர்த் தொட்டி வேண்டும். தொட்டியைச் சுற்றி முதலில் ஜல்லி மண்ணுக்குள் புதையாமல் தாங்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதற்கு மேல் ஜல்லி. துணியை மிச்சம் பிடித்தால் உங்கள் ஊர்ச் செம்மண் களி மழையில் ஜல்லியை விழுங்கிவிடும், மாடு முழங்கால் சேற்றில் நிற்கும். இத்தனைக்கும் துணிதான் அதில் மலிவான சாமான்!

விண்ணப்பம் உறவினருடையது என்றால் சொல்லிவிட்டு ஒதுங்கு, ஓட்டுப் போடாதே. வாரிய உறுப்பினரின் சொந்த ஒப்பந்தம் மாநில மண், நீர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதலுக்கும் போகும். அந்த ஏற்பாடு நல்லதென்றே எனக்குப் படுகிறது. இல்லாவிட்டால் ஊரில் வாய் ஓயாது.

பண்ணை அனுபவம் இல்லையே என்று தயங்காதே. கேரி போன்ற டவுனில் மழைத்தோட்டம் (ஓடிவரும் மழைநீரை மண்ணில் இறக்கும் பள்ளத் தோட்டம்), மழைநீர்த் தொட்டி என்று வீட்டுக்காரர்களுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. அதற்கு உன்னைப்போல டவுன்காரர் வாரியத்தில் வேண்டும்.

கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்தவை. மனுத் தாக்கலுக்கு முன் ஒன்றிரண்டில் போய் உட்கார். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் தாளை ஆபீசில் கேட்டு வாங்கிப் படி. ஓடையோரச் சரிவுக்கு எத்தனை மார்க் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ரகு