தோட்டுக் கல்லை மறுபடி பட்டை தீட்ட வேண்டாம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் மகளுக்கு நிச்சயம் ஆன செய்தி கண்டு மனம் நிறைந்துவிட்டது. கல்யாணம் தை மாதம் என்று எழுதியிருக்கிறாய்; நாங்கள் இருவரும் நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுவோம். உன் மாமியாரின் ஒற்றைக்கல் வைரத்தோட்டைப் பற்றி நீ கேட்டிருந்ததால் இந்தக் கடிதம் நீண்டுவிடும்; பொறுமையாகப் படி. பழைய பட்டையாக இருப்பதால் கற்கள் மங்கலாகத் தெரிகின்றன என்றும், புதிய முறையில் மறுபடி தீட்டினால் மகளுக்கு ஒரு மோதிரமும் ஒரு பதக்கமும் செய்யலாம் என்றும் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கற்களை யாரிடமும் தீட்டக் கொடுக்காதே.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லின் மேல்முகம் சிறியதாக இருக்கிறது. அதன் நடுவே ஒரு குட்டி வட்டம் தெரிகிறது. அது குறை அன்று. கல்லின் அடிமுனை உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் அங்கே ஒரு சிறு பட்டை வைத்து முடிப்பார்கள். மேலிருந்து பார்க்கும்போது அதுவே வட்டமாகத் தெரிகிறது. இதை 'ஓல்டு யூரோப்பியன் கட்' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930 வாக்கில் வரை வட்டக் கற்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன. அதற்கு முந்தியது, ஓரங்கள் உருண்ட சதுரமாக இருக்கும் 'ஓல்டு மைன் கட்'. பட்டைகளின் எண்ணிக்கையில் பழைய வட்டக் கல்லுக்கும் இன்றைய கல்லுக்கும் வேறுபாடு கிடையாது; அடிமுனையைச் சேர்த்தால் இரண்டிலும் 58தான். வேறுபாடெல்லாம் அளவுகளிலும் கோணங்களிலும் இருக்கிறது.

அந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், பழைய கல்லை மோசமாகத் தீட்டிய கல் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. வைரம் பூமியிலிருந்து பெரும்பாலும் நான்கு பக்கம் கொண்ட இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டிவைத்த வடிவத்தில் கிடைக்கிறது. மோட்டாரால் ஓடும் அறுவை வட்டு 1900 வாக்கில் வரும் வரையில் அதைக் குறுக்கே அறுப்பது மிகக் கடினமாக இருந்ததால், மேல் கூம்பை உரைத்து உரைத்துத்தான் குறைக்க வேண்டியிருந்தது. வீணாவது குறைய வேண்டும் என்றால் கல்லின் மேற்பகுதியை உயரமாகவும் மேல்முகத்தைச் சிறியதாகவும் விட்டுவிடுவதே வழி. அறுவை வட்டு வந்த பிறகு ஒரே கல்லை இரண்டாக அறுத்து, இரண்டையும் தாழ்ந்த மேற்பகுதியும் அகன்ற முகமுமாகத் தீட்ட முடிந்தது. பின்னர் 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற, வைரம் தீட்டும் குடும்பத்தைச் சேர்ந்த பொறியாளர், ஒளி கல்லுக்குள் எப்படித் திரும்புகிறது என்று கணக்கிட்டு, மேற்பகுதியின் சரிவு 34.5 பாகை, அடிப்பகுதியின் சரிவு 40.75 பாகை, மேல்முகம் விட்டத்தில் 53 சதவீதம் என்று வெளியிட்டார். இன்றைய வட்ட வைரத்துக்கு அந்தக் கணக்கே அடிப்படை. ஆனால் இன்று கடைகளில் விற்கும் கற்களின் முகம் பெரும்பாலும் 55இலிருந்து 60 சதவீதம் வரை அகன்றிருக்கிறது. அந்த ஓர் அளவில் டோல்கோவ்ஸ்கியின் கல் உன் மாமியார் கல்லுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது என்பது எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கும்.

இனி கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டுக்கு வருகிறேன். பழைய கல்லின் மேற்பகுதி 40 பாகையோ அதற்கு மேலோ சரிந்திருக்கும். அடிப்பக்கத்துப் பட்டைகள் அகலமாக இருக்கும். அதனால் ஒளி பெரிய பெரிய துண்டுகளாகத் திரும்பி வருகிறது. கையை அசைத்தால் ஒரு சிவப்பு, சற்று நின்று ஒரு நீலம், பிறகு ஒரு வெள்ளை என்று நிதானமாக டாலடிக்கும். புதிய கல்லின் அடிப்பட்டைகள் ஒடுங்கியவை. வெளிச்சத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கி, எங்கும் வெள்ளையாக மினுமினுக்கச் செய்யும். முந்தையது அகல்விளக்கும் மெழுகுவத்தியும் எரிவாயு விளக்கும் இருந்த வீடுகளில் பார்க்கப்பட்ட கல். நகைக்கடையில் கூரை முழுவதும் வெள்ளை எல்இடி விளக்குகளைப் பதித்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் புதிய கல்தான் ஜெயிக்கும். கடைக்காரர் மங்கல் என்றதற்கு அங்கே பார்த்ததும் ஒரு காரணம். ஒரு நாள் சாயங்காலம் தோட்டை நன்றாகக் கழுவித் துடைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பூஜை விளக்குக்கு முன் உன் மகளைப் போட்டுக்கொள்ளச் சொல். மறுநாள் காலை ஜன்னலோரத்திலும் பார். இரண்டையும் பார்த்த பிறகு அவளே சொல்லட்டும்.

சான்றிதழில் 'கட்' என்ற இடத்தில் மதிப்பெண் இராது என்று கடைக்காரர் சொன்னதும் உன்னைக் கலங்க வைத்திருக்கிறது. வைரங்களைச் சோதித்துத் தரச் சான்றிதழ் தரும் ஜிஐஏ நிறுவனம் 2006 முதல் இன்றைய வட்டக் கற்களுக்கு அந்த மதிப்பெண்ணைத் தருகிறது. பழைய பட்டைக்கு அதைத் தருவதே இல்லை. அளக்காததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதே.

மறுபடி தீட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி கோஹினூர். 1851ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் அது போதிய அளவு ஜொலிக்கவில்லை என்று குறைபட்டு, மறு ஆண்டே தீட்ட வைத்தார்கள். ஏறத்தாழ 190 காரட்டாக இருந்த கல் 105.6 காரட்டாகச் சுருங்கியது. உன் கற்கள் அவ்வளவு இழக்கமாட்டா என்றாலும் எடை கட்டாயம் குறையும். அவை ஒரு காரட்டுக்குச் சற்று மேல் என்கிறாய்; தொண்ணூறு சென்டுக்கு (நூறு சென்டு ஒரு காரட்) இறங்கிவிட்டால் காரட் விலையும் சேர்ந்து இறங்கும். காசு பெரிதில்லை என்று நீ சொல்லலாம். ஆனால் கையால் தீட்டி ஜோடி சேர்த்த இரண்டு கற்கள் இனி யாராலும் பழையபடி ஆக்க முடியாதவையாகிவிடும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவை 'ப்ளூ ஜாகர்' என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாய். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது அது. சூரிய ஒளியில் மெல்லிய நீலம் காட்டும் கற்களை நம் வீடுகளில் அப்படித்தான் சொல்வார்கள். அது கல்லின் நிறத்தைப் பற்றிய பேச்சு. பட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உன் மகளுக்கு மோதிரம் வேண்டும் என்றால் புதிய வட்டக் கல் ஒன்றைத் தனியாக வாங்கு. அவள் நாளெல்லாம் அலுவலகத்தில் கணினி முன்னே வேலை பார்க்கிறவள். மோதிரம் எங்கெங்கோ இடிக்கும். பழைய கல்லின் இடுப்பு விளிம்பு, அதாவது மேற்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் சுற்று, சில இடங்களில் கத்திமுனை போல மெலிந்திருக்கும். கொக்கிகளால் பிடித்த மோதிரத்தில் அது சில்லு தெறிக்க வாய்ப்பு அதிகம். ஒரு காரட் புதிய கல் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம் காட்டும். அதே எடையில் பழைய கல் ஆழத்தில் எடையை வைத்துக்கொண்டு சற்றுச் சிறிதாகத் தெரியும். வெளிச்சம் மிகுந்த இடத்தில் அன்றாடம் போட்டுக்கொள்ளப் புதியதே பொருத்தம் என்பதை நான் தயங்காமல் சொல்வேன். 'பழைய பட்டை' என்று சொல்லி யாராவது வேறு கல்லைக் காட்டினால், இப்போது அதே பாணியில் புதிதாகவும் தீட்டுகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வை.

தோடு தோடாகவே இருக்கட்டும். அதன் பின்புறம் தங்கத்தால் மூடியிருப்பதால் உள்ளே எண்ணெயும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். மங்கலுக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும். பழைய நகை வேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம், நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, கற்களைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல். எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொள். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிப் பார்க்கச் சொல். திரும்பக் கட்டும்போது விளிம்பு முழுவதையும் தங்கம் மூடிப் பிடிக்க வேண்டும். மார்கழிக்குள் இதை முடித்துவிடு. தை பிறந்தால் எந்த ஆசாரியும் கைக்குக் கிடைக்கமாட்டார். குறித்த அளவுகளை எனக்கும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய சிநேகிதி