ஆஃபர் என்றால் தள்ளுபடி மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில், "ஆஃபர் என்றால் தள்ளுபடி, வியாபாரிகள் உண்டாக்கிய சொல்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். அதனால்தான் மனம் பொறுக்கவில்லை.

தள்ளுபடி அந்தச் சொல்லுக்குப் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். லத்தீனில் 'ஒப்' என்றால் எதிரே, 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்லுதல். ஒருவர் எதிரே கொண்டுபோய் வைப்பதே 'ஒஃபெர்ரே'. கிறிஸ்துவ சமயத்தோடு அது பழைய ஆங்கிலத்துக்குள் 'ஒஃப்ரியன்' என நுழைந்தபோது, கடவுளுக்குப் படைத்தல், பலியிடுதல் என்றுதான் பொருள். தேவாலயக் காணிக்கை இன்றும் 'ஆஃபரிங்'தான். நாம் அன்றாடம் சொல்லும் 'பாரம்' என்ற வடசொல்லும் 'ஃபெர்ரே'வும் ஒரே வேரில் பிறந்தவை. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி உண்டா?

இது முதல் தடவையும் அல்ல. தோட்ட வீடமைப்புச் செய்தியில், சூராட் தவாரான், அதாவது மலாயில் ஆஃபர் கடிதம், கைக்கு வந்ததுமே "வீடு கிடைத்தது" என்று தலைப்புப் போட்டீர்கள். வேலை விளம்பரங்களையும் 'ஆஃபர்' என்கிறீர்கள். சட்டத்தில் ஆஃபர் என்றால் முன்மொழிவு. விளம்பரம் வெறும் அழைப்பு, விண்ணப்பிப்பவரே முன்மொழிகிறார் என்பது, வேலை விளம்பரம் பற்றி 1964-இல் நம் நாட்டில் நடந்த கோயெல்ஹோ வழக்கிலேயே தீர்ந்த விஷயம்.

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. தவாரான் ஒரு முன்மொழிவு மட்டுமே. நாம் ஏற்று அனுப்பும்வரை கொடுத்தவர் பின்வாங்கலாம். 7-ஆவது பிரிவின்படி ஏற்பு முழுமையாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான்: ஏற்புப் படிவத்தின் ஓரத்தில் "விலையைக் குறைத்தால் சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது ஏற்பு ஆகாது, எதிர் முன்மொழிவு. பழைய முன்மொழிவு அதோடு செத்துவிடும். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாகச் சொன்னவரிடம் ஒருவர் 950 என்றார். உரிமையாளர் மறுத்ததும் 1,000-க்கே சம்மதம் என்றார். ஒப்பந்தம் இல்லை என்று தீர்ப்பானது. விளக்கம் வேண்டுமென்றால் தனிக் கடிதத்தில் கேட்க வேண்டும். படிவத்தில் எதையும் சேர்க்காமல், கெடு தேதிக்குள் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை எழுதியிருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு உதவியிருக்கும்!

வரும் ஞாயிறு, அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பிள்ளைகள் பழையதன் மேல் அதை ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்