சிவப்பணுவுக்கு உட்கரு வைத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை மாணவர் இணைப்பில் செல்லைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் இரண்டாவது பத்தியில் ஒரு வரி: இரத்தச் சிவப்பணுவின் உட்கருவில் (மரபுப்பொருள் இருக்கும் செல்லின் மையப்பகுதி) ஹீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம், சேமிக்கப்படுகிறதாம். காபி குடித்துக்கொண்டே படித்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் 28 வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விரலில் குத்தி எடுத்த சொட்டை ஸ்லைடில் இழுத்து, காயவிட்டு, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எத்தனை ஆயிரம் ஸ்மியர் (இப்படி இழுத்த இரத்தப் பூச்சு) பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வெள்ளணுவில் உட்கரு ஊதா நிறத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டாக, மூன்றாக, நான்காகக்கூட மடல் பிரிந்திருக்கும். சிவப்பணுவில் ஒன்றும் இருக்காது. நடுவில் கொஞ்சம் வெளுத்த வட்டம் தெரியும், அவ்வளவுதான். அது இருபுறமும் குழிந்த பள்ளம். கட்டுரையாளர் அந்தப் பள்ளத்தைப் படத்தில் பார்த்துவிட்டு உட்கரு என்று எழுதிவிட்டாரோ என்பது என் சந்தேகம்.

பெரியவர்களின் இரத்தத்தில் உட்கருவோடு ஒரு சிவப்பணு கண்ணில் பட்டால் நான் மறுபடி ஒரு ஸ்மியர் போடுவேன், அப்புறம் டாக்டரிடம் ஓடுவேன். அது நோயின் அறிகுறி. பிறந்த குழந்தைக்குச் சிலது இருக்கும், அது வேறு கதை. தங்கள் இணைப்பு சொல்வது சரி என்றால் தங்கள் வாசகர்கள் அத்தனை பேரும் இந்நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டும்.

தங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு. முதிரும்போது அதை வெளியே தள்ளிவிடுகிறது. கூடவே சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்யும் ரைபோசோம் எல்லாவற்றையும் இழக்கிறது. வீட்டுச் சாமானை எல்லாம் இறக்கிவிட்டு மூட்டை ஏற்றுகிற லாரி மாதிரி, இடம் முழுக்க ஹீமோகுளோபின். தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும். விலை என்னவென்றால், பழுதுபார்க்கப் புதுப் புரதம் செய்ய முடியாது. ஏறக்குறைய 120 நாளில் ஆயுசு முடிந்துவிடும். இதையெல்லாம் எழுத இடமில்லையாம். ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தில், கட்டம் கட்டி, 'எல்லாச் செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா உண்டு' என்று போட இடம் இருந்தது.

எனக்கு ஆத்திரம் அந்த வரியால் மட்டும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம் 'இது தப்பு, அடித்துவிடு' என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கு ஆச்சி" என்றாள். 28 வருடம் கண் எரிய எரிய லென்ஸில் பார்த்த ஆச்சியைவிட அரைப்பக்க அச்சு பெரிதாகிவிட்டது. அவள் அப்பன் சிறுவனாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கோழி இரத்தம் ஒரு சொட்டு வாங்கி, அவன் விரலிலும் ஒரு சொட்டு எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கோழியின் சிவப்பணு நீள்வட்டம், நடுவில் உட்கரு. தவளைக்கும் மீனுக்கும்கூட அப்படித்தான். பாலூட்டிகளுக்குத்தான் இல்லை. அவன் இன்றுவரை மறக்கவில்லை. இன்று என்னிடம் மைக்ராஸ்கோப் இல்லை, பேத்திக்குக் காட்ட முடியவில்லை. கட்டுரை ஒருவேளை கோழிகளுக்காக எழுதப்பட்டதோ என்றும் யோசித்தேன். ஆனால் கோழிக்கும் உட்கரு ஹீமோகுளோபின் குடோன் இல்லையே!

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் 'மனித செல்' என்று ஒரு படம் வந்ததே, நினைவிருக்கும். அது வெங்காயத் தோல். செங்கல் அடுக்கியது போலச் செல்சுவர் தெரிகிறது. மனிதனுக்குச் செல்சவ்வுதான், சுவர் கிடையாது. சுவர் தாவரத்துக்கும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும். நம் உடம்பில் சுவர் கட்டிய கொத்தனார் யார் என்று கேட்டு அஞ்சலட்டை போட்டேன். பதில் இல்லை. அதற்கு முந்தைய வருடம் 'செல்' என்று எழுத வேண்டிய நான்கு இடத்தில் 'திசு' என்று வந்தது. செல்கள் பல சேர்ந்தால்தான் திசு. அதற்கும் எழுதினேன். அப்புறம், பரிசோதனைக்கூடம் பற்றிச் செய்தி வந்தால் எங்களை 'ஆய்வக உதவியாளர்' என்று போடுவதை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை கேட்டிருப்பேன்? நாங்கள் யாருக்கும் பாட்டில் கழுவிக் கொடுக்கவில்லை.

இன்னொரு மனக்குறையும் உண்டு. செல்லுக்குள் சக்திக்கு நாணயம் போலப் பயன்படும் மூலக்கூறு ஏடிபி. 1929இல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டு போனவர். ஜனவரி 12 அவர் பிறந்தநாள். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி டிசம்பரிலேயே அனுப்பினேன். அன்று அந்த இடத்தில் ஒரு நடிகரின் புது வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. வீடு நன்றாகத்தான் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில், இரண்டு வரித் திருத்தம். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், அங்கே பேத்தி பார்க்க மாட்டாள். அந்தத் துண்டை வெட்டி அவளுடைய நோட்டில் ஒட்டிவிடுவேன். கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரட்டும், கோழிக்கடைக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் (உதவியாளர் அல்ல),
கோவில்பட்டி.