குகை ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கழிப்பறை, ஒரு கூரை, கொஞ்சம் கண்ணாடி

குகை, லைன்மேடு, கொண்டலாம்பட்டி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும், இங்கே பிறந்து பெங்களூரு, திருப்பூர், வெளிநாடு என்று போய்விட்டவர்களுக்கும் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு 2,41,000 ரூபாய் வேண்டும். அதில் பெரும்பகுதி கழிப்பறைக்கு. கல்விக்கு நன்கொடை கேட்கிறவர்கள் புத்தகம், கம்ப்யூட்டர் என்று கேட்பதுதான் வழக்கம், கேட்கவும் கௌரவமாக இருக்கும். கமிட்டியிலும் அதைச் சொல்லி இரண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், படிக்க வருகிறவர்களிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டோம். அவர்கள் சொன்னதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

எங்கள் முதியோர் கல்வி மையம் நடப்பது ஒரு பழைய தறிக்கூடத்தில். ஒரு காலத்தில் ஆறு குழித்தறி ஓடிய இடம். தறிகள் நின்று பல வருஷம் பூட்டிக் கிடந்ததை வீட்டுக்காரர் வாடகை வாங்காமல் எங்களுக்குக் கொடுத்தார். குழிகளில் மண் கொட்டி நிரப்பி மேலே சிமெண்ட் பூசினோம். மண் சரியாக இறுகவில்லை போலிருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் ஏதாவது ஒரு குழி கொஞ்சம் கீழே இறங்கும். பெஞ்சு போட்டால் ஆடும். அதனால் எல்லோருக்கும் பாய்தான். இந்தக் கூடத்திலேயே கல்யாணமான புதிதில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா இப்போது அதே மூலையில் உட்கார்ந்துதான் எழுதுகிறார். முன்னால் வந்து உட்காருங்கள் என்றால், "எனக்கு இங்கதான் கை ஓடும்" என்கிறார்.

திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி 7 மணியிலிருந்து 9 வரை வகுப்பு. பதிவேட்டில் 64 பெயர். ஒரு நாளைக்கு 35, 40 பேர் வருவார்கள். அமாவாசையன்று தறி ஓட்டாத வீடுகள் இன்னும் இருப்பதால் அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஆடியில் மாரியம்மன் பண்டிகை வண்டி வேடிக்கை நாளன்று ஒருவரும் வரமாட்டார்கள், வாத்தியார்கள் உட்பட. சொல்லித் தருகிறவர்கள் 11 பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவிகள், ஒரு மருந்துக்கடைக்காரர், அப்புறம் மூன்று வருஷம் முன்னால் இங்கேயே படிக்க வந்து இன்றைக்கு எண் பாடம் எடுக்கிற ஒரு கொலுசுப் பட்டறைத் தொழிலாளி.

இந்தக் காலத்திலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா என்று சிலர் கேட்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 73 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 80. ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்தான் அந்தக் கணக்கில் சேருவார். கையெழுத்து மட்டும் போட்டால் போதாது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். சரியாகச் சொன்னால், வரையத் தெரியும். தன் பெயரில் இருக்கிற 'ம' பால் பாக்கெட்டில் வந்தால் அது அவருக்கு வேறு ஏதோ ஒரு கோடு.

அவர்கள் ஏன் வருகிறார்கள் என்பது எங்களுக்கே பல சமயம் ஆச்சரியமாக இருக்கும். அறிவுக்கண் திறக்க வேண்டும் என்று ஒருவரும் வந்ததில்லை. பூ கட்டி விற்கிற ஒரு ஆயா வந்தது பஸ் ஸ்டாண்டால். நாற்பது வருஷமாகப் பழைய பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் என்று அவருக்கு மனப்பாடம். அதை இடித்துக் கட்டி 2023இல் ஈரடுக்காகத் திறந்தபோது அந்த மனப்பாடம் மொத்தமும் வீணாகிவிட்டது. பெண்களுக்குக் காசு வாங்காத பஸ் என்று முகப்பில் இருக்கிற பிங்க் பெயிண்டைப் பார்த்தால் தெரியும். அது அம்மாப்பேட்டை போகுமா, ஜங்ஷன் போகுமா என்று பெயிண்ட் சொல்லாது. இரண்டு நாள் தப்பான பஸ்ஸில் ஏறி, மூன்றாம் நாள் எங்கள் வாசலில் வந்து, "எனக்குப் போர்டு மட்டும் படிக்கக் கத்துக்குடுத்தாப் போதும் டீச்சரு" என்றார். டீச்சருக்கு வயது 19. ஊர்ப் பெயர்களிலிருந்தே ஆரம்பித்தோம். 247 எழுத்தும் வரிசையாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ஆயா இரண்டாம் வாரமே பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததும் ஒரு கூட்டம் வந்தது. கையில் கார்டு இருக்கிறது, ரகசிய எண்ணைப் பேரனிடமோ பக்கத்துக் கடைக்காரரிடமோ சொல்லித்தான் பணம் எடுக்க வேண்டியிருக்கிறது. அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு ஏடிஎம் செய்தோம். பெட்டிக்குள் ஒரு மாணவி உட்கார்ந்துகொண்டு காகித நோட்டை வெளியே தள்ளுவாள். தப்பான எண் அழுத்தினால் உள்ளேயிருந்து "கார்டைத் திரும்ப எடுங்க" என்று குரல் வரும். அந்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

கொலுசு வேலைக்காரர்களுக்கு வேறு கணக்கு. வாங்கிக்கொண்ட வெள்ளி எவ்வளவு, செய்து கொடுத்த கொலுசு எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று சீட்டில் எழுதி வரும். தராசில் எண் ஒளிரும். எண் தெரியும், புள்ளிக்குப் பின்னால் வருகிற எண் தெரியாது. கிராமில் புள்ளிக்குப் பின்னால்தான் கூலியே இருக்கிறது. தசம பாடத்தை எங்கள் பட்டறைத் தொழிலாளி எடுக்கிற மாதிரி எந்த பி.எட். படித்தவராலும் எடுக்க முடியாது என்று ஓய்வு பெற்ற ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

வீட்டில் கன்னடமோ, தெலுங்கோ, சௌராஷ்டிரமோ பேசுகிற குடும்பங்கள் நெசவாளர் தெருக்களில் நிறைய என்பது உங்களுக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தமிழ்தான். ஆனால் பாடப் புத்தகத் தமிழ் அவர்களுக்கு இரண்டு படி தள்ளி நிற்கிறது. "புறா" என்று எழுதிக் காட்டினால், அதை வீட்டில் என்ன சொல்வோம் என்று மூன்று மொழியில் மூன்று பேர் சொல்வார்கள், வகுப்பு அங்கேயே பத்து நிமிஷம் நின்றுவிடும். ஆரம்பத்தில் இதெல்லாம் நேரவிரயம் என்று நினைத்தோம்.

அந்த நினைப்பில் ஒரு தப்பும் செய்தோம். இரண்டாவது வருஷம், பேச்சு அதிகமாகிவிட்டது என்று கமிட்டி ஒரு விதி போட்டது: வகுப்பில் பாடம் மட்டும், டீ 9 மணிக்கு மேல். மூன்றே வாரத்தில் வருகை ஒன்பது பேராகிவிட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்டபோது யாரும் விதியைக் குறை சொல்லவில்லை. மருமகளுக்கு உடம்பு சரியில்லை, பாவு ஓட்ட வேண்டியிருந்தது என்று ஏதேதோ சொன்னார்கள். ஒரு அக்கா மட்டும், "நாள் பூராத் தறிச் சத்தத்துல யாரும் பேசறது கேக்காது சார், பேசத்தான் வந்தேன்" என்றார். மறுநாளே டீ எட்டு மணிக்கு வந்துவிட்டது. இன்றைக்கு வரை எட்டிலிருந்து எட்டேகால் வரை யாரும் சிலேட்டைத் தொடுவதில்லை. யார் வீட்டில் கல்யாணம், எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் சீட்டுப் போட வேண்டும், எந்த விண்ணப்பத்துக்கு என்ன காகிதம் என்று அந்தக் கால் மணி நேரத்தில் நடக்கிற படிப்பை நாங்கள் எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

ஞாயிறு மாலை வகுப்பு கிடையாது, கூடல் மட்டும். ஒருவர் செய்தித்தாளில் தலைப்பு படிப்பார், மற்றவர்கள் அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். ஒரு மூலையில் தாயம். தட்டுவடை செட்டுக்கு ஆளுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலித்து, கடையில் வாங்கி, மீதியைப் பங்கு பிரிப்பது வரை படிக்கிறவர்களே செய்ய வேண்டும். இரண்டு ரூபாய் உதைத்தால் கண்டுபிடிக்கிற வரை யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

அரசுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இலிருந்து நடக்கிறது, எங்கள் ஆட்கள் சிலர் அதில் தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கினார்கள். எங்கள் கவலை அதற்குப் பிறகு. கமிட்டியின் மூத்தவர் தொண்ணூறுகளில் ஊர் ஊராக எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். அந்த இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற காலத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவார். அதே மனிதர்தான் சொல்கிறார்: தான் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் பத்து வருஷத்தில் மறந்துவிட்டார்களாம். தினமும் கையில் எடுத்துப் படிக்க ஒன்றும் இல்லை, போய் உட்கார ஒரு இடமும் இல்லை. எழுத்தும் நீச்சல் மாதிரி இல்லை போலிருக்கிறது, விட்டால் போய்விடுகிறது. அதனால்தான் முடிகிற தேதி போடாத ஒரு இடம் வேண்டும் என்று இந்த மையத்தை ஆரம்பித்தோம்.

இனி பணம் எதற்கு என்று.

சின்னதிலிருந்து சொல்கிறோம். போன வருஷம் ஐம்பது தாண்டிய ஒரு அம்மா இரண்டு வாரம் வந்துவிட்டு, "மண்டையில ஏற மாட்டேங்குது" என்று நின்றுவிட்டார். பையைத் திரும்பக் கொடுக்க வந்த அன்று, மருந்துக்கடைக்காரர் கழற்றி வைத்திருந்த கண்ணாடியை விளையாட்டாக எடுத்து மாட்டிப் பார்த்தார். பார்த்தவர் கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. தன் உள்ளங்கை ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளெழுத்து. நாற்பது வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்கும், யாருக்கும் தப்பாது. பேப்பர் படிக்கிற வீடுகளில் உடனே தெரிந்துவிடும், கண்ணாடி வாங்குவோம். படிக்கவே படிக்காத வீட்டில் எப்படித் தெரியும்? இழையைக் கை பார்த்துக்கொள்ளும். பிறகு எல்லோருக்கும் சோதித்துப் பார்த்ததில் 27 பேருக்குக் கண்ணாடி தேவை என்று தெரிந்தது. எத்தனை பேர் இதற்கு முன்னால் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு நின்றுபோனார்களோ. கண்ணாடிக்கும், வருஷம் ஒருமுறை கண் பரிசோதனைக்கும் 12,000 ரூபாய்.

கூரைக்கு 1,40,000. நாட்டு ஓடு, சட்டங்களில் செல் அரித்துவிட்டது, ஐப்பசி மழையில் நாலு இடத்தில் வாளி வைக்கிறோம். தகரம் போட்டால் பாதிச் செலவில் முடியும் என்று மேஸ்திரி சொன்னார். சேலத்துச் சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே ராத்திரி ஏழு மணிக்கும் உட்கார முடியாது. மழை பெய்தால் வாத்தியார் சொல்வது கேட்காது; தறிச் சத்தத்திலிருந்து தப்பித்து வருகிறவர்களை இன்னொரு சத்தத்துக்குக் கீழே உட்கார வைக்க மனசு வரவில்லை. மரச்சட்டத்தை மாற்றி ஓடுகளையே திரும்ப வேய்வது என்று முடிவு செய்தோம்.

கழிப்பறைக்கு 1,85,000. இரண்டு அறை, தொட்டி, தண்ணீர்க் குழாய். மூட்டு வலிக்காரர்கள் அதிகம் என்பதால் ஒன்றில் உட்காரும் பீங்கான். இப்போது மையத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் எங்கேயோ போய்விட்டு வருகிறார்கள், அதைப் பற்றி எழுத வேண்டாம். பெண்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு வருகிறார்கள் என்பது எங்களுக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. டீயை ஏன் பாதி டம்ளர் வாங்குகிறார்கள் என்று மூன்று வருஷம் யோசிக்காமல் இருந்திருக்கிறோம். சர்க்கரை இருக்கிற ஏழெட்டுப் பேர் எட்டரைக்கே கிளம்புவதைச் சோம்பல் என்று வேறு பேசியிருக்கிறோம். கமிட்டியில் அப்போது ஒன்பது பேரும் ஆண்கள். இப்போது நாலு பெண்கள்.

கம்ப்யூட்டர் வேண்டாமா என்றால், நல்ல மனசுக்காரர் ஒருவர் ஏற்கெனவே இரண்டு கொடுத்திருக்கிறார். ஒன்றில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதுகிறவர்கள் படிக்கிறார்கள். இன்னொன்றின் மேல் வாளி வைத்திருக்கிறோம்.

மொத்தம் 3,37,000 ரூபாய். கமிட்டியும் தொண்டர்களும் போட்டது, படிக்கிறவர்கள் டீ உண்டியலில் சேர்த்தது எல்லாமாக 96,000 கையில் இருக்கிறது. மீதிக்குத்தான் இந்த வேண்டுகோள். அடுத்தவர் கட்டிடத்தில் ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. வீட்டுக்காரரோடு பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்கிறோம். நகல் மையத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. வரவு செலவும் அதற்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், மாதா மாதம். எங்களுக்கு 80ஜி பதிவு இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே வருமான வரிச் சலுகையை எதிர்பார்த்துக் கொடுக்க வேண்டாம்.

நூறு ரூபாயும் வாங்கிக்கொள்வோம். செங்கல், ஓடு, குழாய் என்று பொருளாகக் கொடுத்தாலும் சரி. எடுத்துவர எங்களில் ஒருவரிடம் லோடு ஆட்டோ இருக்கிறது. கொத்தனார், பிளம்பர் யாராவது இரண்டு நாள் வேலை கொடுத்தால் அதையும் கணக்கில் எழுதிக்கொள்வோம். பெயர்ப் பலகை மட்டும் கேட்காதீர்கள், கழிப்பறை வாசலில் யார் பெயரைப் போடுவது என்று இன்னும் இரண்டு கூட்டம் நடத்தத் தெம்பில்லை.

இங்கே படிக்கிறவர்கள்தான் ரசீதை எழுதித் தருவார்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, உங்கள் பெயரை ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிழித்துத் தருவார்கள். கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு மாலை 5 மணிக்கு நேரில் வாருங்கள், தட்டுவடை செட்டுக்கு உங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். உள்ளே வரும்போது இடது பக்கம் பார்த்துக் கால் வையுங்கள். போன மழையில் மூன்றாவது குழி இறங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
மையத்துக் கமிட்டியார், குகை, சேலம்