துபாய்க்கு எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போகும் விமானங்களின் நேரத்தைப் போன வாரம் நம் பேப்பரில் போட்டிருந்தீர்கள். புறப்படும் நேரம் இருக்கிறது, போய்ச் சேரும் நேரம் இருக்கிறது, அது எந்த ஊர் மணி என்று மட்டும் இல்லை. எங்கள் களியக்காவிளைப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது கல்ஃபில் இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பி முதல் தடவை போனபோது காலை 10.30க்கு ஃப்ளைட், மதியம் 1 மணிக்கு துபாய் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. இரண்டரை மணி நேரம்தானே, பஸ்ஸில் மதுரைக்குப் போவதைவிடக் குறைவு என்று அம்மா தைரியமாகத்தான் இருந்தார். ஒரு மணி ஆனது, போன் வரவில்லை. ஒன்றரை, இரண்டு. தம்பி நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்க, அம்மா போனை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். செய்தி பார்க்கலாம் என்று நான் டிவி பக்கம் போனதற்கு, போடாதே என்று ஒரே சத்தம். நாலு மணி தாண்டித்தான் தம்பி கூப்பிட்டான். விமானம் சரியான நேரத்துக்குத்தான் இறங்கியிருக்கிறது. டிக்கெட்டில் இருந்த 1 மணி துபாய் மணி, நமக்கு அப்போது 2.30. அதற்கு மேல் இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, அப்புறம் யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறான்.

துபாய் மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சூரியனை வைத்துக் கணக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்: திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் தீர்க்கரேகையில் இருபத்தொன்றரை பாகை வித்தியாசம், பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம், ஆக 86 நிமிடம் கழித்துத்தான் சூரியன் அங்கே உச்சிக்கு வருகிறது. நேர்கோட்டில் தூரம் 2,900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், விமானத்தில் நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்பி வரும்போது குழப்பம் தலைகீழ். அங்கே இரவு 10க்குக் கிளம்பி இங்கே விடிகாலை 3.30க்கு இறங்கினால் ஐந்தரை மணி நேரம் பறந்த மாதிரி இருக்கும், அதுவும் நாலு மணி நேரம்தான்.

தூரம் போடும்போதும் அது எந்த வழித் தூரம் என்று சொல்லிவிடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு ரயிலில் 3,000 கிலோமீட்டருக்கு மேல், அதையே வானத்தில் அளந்தால் 2,200 சொச்சம்தான். ரயில் தூரத்தையும் விமான தூரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் டெல்லியைவிட துபாய் கிட்ட என்றுதான் நினைப்பார்.

அட்டவணையில் 'பயண நேரம்' என்று ஒரு கட்டம் சேர்த்து, கீழே 'அந்தந்த ஊர் நேரப்படி' என்று ஒரு வரி போட்டால் போதும், இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது. அப்புறம், நள்ளிரவு விமானங்களுக்குத் தேதியை விளக்கமாகப் போடுங்கள். 20-ம் தேதி 12.20 என்றால் 19-ம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடிந்ததுமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், எங்களுக்கு இங்கிருந்து ஏர்போர்ட் முப்பது சொச்சம் கிலோமீட்டர். 20-ம் தேதி சாயங்காலம் பெட்டி கட்டி, கார் சொல்லி, வாசலில் நின்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
களியக்காவிளை வாசகர்